பானட்டில் ஒரு பள்ளம்

தமயந்தி வீட்டின் துருவேறிய பழைய ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து அச்செடுத்து, அதன் பாடியை ஃபைபரில் அப்படியே வார்த்திருந்தார் சென்னியப்பன். பழையது காயலான் கடைக்குப் போய்விட்டது. பார்க்க வந்த தமயந்தி கண்ணை மூடிக்கொண்டு பானட்டைத் தடவினாள். விளக்கின் வளைவும் மூக்கின் சரிவும் சரியாக இருந்தன. நடுவில் வந்ததும் கை நின்றது.

“இங்க ஒரு பள்ளம் இருக்கணுமே.”

“இருந்துச்சுங்க. பட்டி வெச்சு நிரவிட்டுத்தான் அச்செடுத்தனுங்க. கம்பெனியில இருந்து வந்தப்ப அது இருந்திருக்காதுங்களே.”

“பாப்பா உக்காந்து உக்காந்து ஆன பள்ளம் அது.”

அந்த வீட்டில் இப்போது குழந்தை இல்லை என்பது அவருக்குத் தெரியும். உப்புத்தாளை எடுத்தார்.

“எவ்வளவு ஆழமுங்க?”

அவள் குனிந்தாள். பானட்டின் மேலிருந்த காற்றை இரு கைகளாலும் மெல்லத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.