கடுகு நிறக் கூடு

ட்ரவுட் மீனின் இரைப்பையைக் கடிகாரக்காரர் வெள்ளைத் தட்டில் பிதுக்கினார்.

சாப்பாட்டு மேசையில் அந்த வேலை ஆகாது என்பது வீட்டுச் சட்டம். சட்டம் இயற்றிய மனைவி அடுப்படியில் முதுகைக் காட்டியபடி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்ததால், அது சற்றே கண்ணயர்ந்திருந்தது.

மீன் எதைத் தின்கிறதோ அதையே கட்டு. இதுதான் அவர் முறை.

உயிருள்ள புழுவை முள்ளில் குத்துவதை அவர் இழிவாகக் கருதினார். இறகும் நூலும் சுற்றிப் பொய்ப்பூச்சி செய்ய வேண்டும். அதை மீன் மெய்யென்று நம்பிக் கவ்வ வேண்டும். நம்பவைக்க விரும்புகிறவன், அது நேற்று எதை நம்பித் தின்றது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். தட்டு, இடுக்கி, கண்ணில் செருகிய பூதக்கண்ணாடி எல்லாம் அதற்காகத்தான்.

"மீனுக்கு மணி பாக்கக் கத்துக்குடுக்கப் போறியா அண்ணே?" என்று தம்பி கேலி செய்வான்.

தம்பி போய் ஐந்து வாரமாகிறது.

ஒன்றுமில்லாத ஒரு விஷயத்துக்கு அண்ணனும் தம்பியும் வாய் தடித்துப் பேசிக்கொண்டார்கள். மறுநாள் அவர் கடையிலிருந்து திரும்பியபோது தம்பியின் அறை காலியாக இருந்தது. ஆற்றுப்பாலம் வரை அவனோடு நடந்துபோய்த் தானே பேருந்தில் ஏற்றிவிட்டதாக மனைவி சொன்னாள். அன்றிலிருந்து அவன் கைபேசி அணைந்தே கிடக்கிறது. அவர் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை தவறாமல் அழைக்கிறார். எடுத்தால் சொல்ல ஒரு வாக்கியத்தை ஐந்து வாரமாக மெருகேற்றி வைத்திருக்கிறார்: தப்பு என்மேலதான்டா, வந்துடு.

காத்திருக்கிற கைக்கு ஏதாவது வேலை வேண்டும். அதனால்தான் மீண்டும் ஆற்றுக்குப் போகத் தொடங்கினார்.

சுவரில் இரண்டு தூண்டிற்கோல்கள் மாட்டியிருந்தன. ஏழரையடிக் கோல் மெல்லியது. நீரின் மேற்பரப்பில் பூச்சியை மிதக்கவிடுவதற்கானது. அதைக் கொண்டுபோன நாளெல்லாம் அண்ணன் வெறுங்கையோடு திரும்பியதால், தம்பி அதற்கு ஏழரை என்றே பெயர் சூட்டியிருந்தான். பத்தடிக் கோல் ஆற்றின் அடியைத் துழாவுவதற்கு. எடையேற்றிய பூச்சி கல்லோடு கல்லாக உருண்டு போகும். அங்கே எதில் தட்டினாலும் கோலின் நுனி அதைக் கைக்குச் சொல்லிவிடும்.

இன்று மாலை எந்தக் கோல் என்பதைத் தட்டு தீர்மானிக்க வேண்டும்.

தட்டு முழுவதும் கூடுகள்.

ஆற்றடியில் ஒரு புழு உண்டு. கையருகே கிடைப்பதைக் கோத்துத் தன்னைச் சுற்றி ஓர் உறை கட்டிக்கொள்ளும். மணல் கிடைத்தால் மணல், சருகு கிடைத்தால் சருகு. எத்தனையோ ஆண்டுகளாக அவர் அத்தகைய கூடுகளைப் பார்த்திருக்கிறார்.

கடுகு நிறத்தில் பார்த்ததில்லை.

இடுக்கியால் ஒன்றைப் பிரித்தார். கம்பளி நூல். எள்ளளவு எள்ளளவாகக் கடித்தெடுத்து, கொத்தனார் செங்கல் அடுக்குவதுபோல் வரிசை பிசகாமல் அடுக்கியிருந்தது. அந்த நேர்த்தியை அவர் தொழில்முறையில் மெச்சினார்.

பிறகு எண்ணினார். விடியற்காலையில் பாலத்தடி மடுவில் பிடித்த மூன்று மீன்களில் முப்பத்தொரு கூடுகள். முப்பத்தொன்றும் கடுகு நிறம்.

ஓர் இழை மிதந்து வந்திருக்கலாம், இரண்டு வந்திருக்கலாம். இத்தனை என்றால், யாரோ பழந்துணியைப் பாலத்திலிருந்து வீசியிருப்பார்கள் என்று முடிவு செய்துகொண்டார். எப்படியானாலும் மீன் தின்பது இதை. கட்ட வேண்டியதும் இதுவே.

"ஏய், இங்க பாரேன். உன் நூல்கூடையில கடுகு கலர் கம்பளி இருக்கா? ஒரு சாண் போதும்."

அவள் திரும்பவில்லை. "மறுபடியும் சாப்பாட்டு மேசையிலயா? அந்தக் கலர்ல ஒரு இழைகூட மிச்சமில்லீங்க. தம்பி ஸ்வெட்டருக்கே பத்தும் பத்தாமப் போச்சு."

"அவனுக்கு ஸ்வெட்டரா!" பன்னிரண்டு ஆண்டு இல்லறத்தில் தமக்கு வாய்த்தது ஒரே ஒரு மப்ளர் என்பதை நினைத்து அவர் சிரித்தார். "என் கண்ணுல காட்டவே இல்லையே."

"எப்படிக் காட்டுவேன்? தம்பி கிளம்பின அன்னிக்குக் காலையிலதானே முடிச்சேன். இப்பவே போட்டுக்கறேன் அண்ணின்னு..."

கத்தி நின்றது.

காவல் நிலையத்தில் கொடுத்த விண்ணப்பத்தை அவர் கைப்பட எழுதியிருந்தார். காணாமற்போனவர் அணிந்திருந்த உடை என்ற இடத்தில், அவள் சொல்லச் சொல்ல எழுதியது: நீலச் சட்டை, அதன்மேல் வேறெதுவும் இல்லை.

தட்டில் ஒரு கூட்டின் வாய் அசைந்தது. புழு இன்னும் சாகவில்லை. கருந்தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, மீண்டும் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டது.

அவர் பூதக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அடியிலதான் இருக்கு," என்றார். மீனைப் பற்றித்தான் சொன்னாரா என்பது அவருக்கே நிச்சயமில்லை. "பத்தடிதான் எடுக்கணும்."

அவள் கையைக் கழுவினாள். விரல் விரலாகத் துடைத்தாள். சுவரருகே போய் ஒரு கோலை மட்டும் கழற்றி வந்து, தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, அவர் முன்னால் வைத்தாள்.

பன்னிரண்டு ஆண்டுகளில் அவள் அவற்றைத் தொட்டதில்லை. இரண்டையும் குச்சி என்றுதான் சொல்வாள். எது எதற்கென்று அவளுக்குத் தெரியும் என்பதே அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

"ஏழரையையே கொண்டு போங்க," என்றாள், மிகவும் கனிவாக. "மேலாப்புலயே போடுங்க. இன்னிக்கு மட்டுமில்ல, என்னைக்குமே."