மூன்றாம் படி

அந்தச் சின்ன அறைக்குள் கணக்கு வாத்தியார் சோதனை போடும் தோரணையில் நுழைந்தார். ஜன்னல் கம்பியை விரலால் தேய்த்து, தூசி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

பின்னே? கணக்குத் துறைத் தலைவர் பதவி காலியாக இருந்தது. "பதவியைப் பத்தி அப்புறம் பேசலாம் சார். முதல்ல மூணாம் படி அறைக்குப் போய் ஒரு பீரியட் இருந்துட்டு வாங்க" என்று காலையில்தான் பிரின்ஸிபால் அம்மாள் சொல்லியிருந்தார். தலைவர் ஆகப்போகிறவரை அனுப்பி மற்றவர்களை வேவு பார்ப்பது நியாயம்தானே.

பதவி தனக்குத்தான் என்று அவர் ஏற்கெனவே மனைவியிடம் அளந்துவிட்டார். மனைவி தன் அண்ணன் காதில் போட்டாயிற்று. இனி கிடைக்காமல் போனால் மச்சான் முகத்தில் விழிக்க முடியாது.

அந்த அறையின் தனிப் பயிற்சி ஆசிரியை எழுந்து வணக்கம் சொன்னாள். அவர் மகளைவிட ஒன்றிரண்டு வயது கூட இருந்தால் அதிகம். இதெல்லாம் ஒரு வாத்தியாரா என்று அவருக்கு இளக்காரமாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னம்மா இது, படி படின்னு? எங்க காலத்துல ஏறுறவன் ஏறுவான், விழுறவன் விழுவான்."

"வகுப்புல எல்லாருக்கும் சேர்த்து நடத்துறது முதல் படி சார். அதுல தடுமாறுற நாலஞ்சு பேரைத் தனியா உக்காரவெச்சு நடத்துறது ரெண்டாம் படி. அதுலயும் தேறலன்னா இங்க, ஒருத்தருக்கு ஒருத்தர்."

"என் வகுப்புல பாதிக்கு மேல இங்க வரவேண்டிய கேஸுங்கதான்" என்றார் அவர், திருடனைப் பிடித்துக் கொடுத்த பெருமையோடு.

"பார்த்தோம் சார். பக்கத்து வகுப்புல ரெண்டே பேர்தான். ஒண்ணு ரெண்டு பேர் தடுமாறினா அந்தப் பிள்ளைங்களைக் கவனிக்கணும். வகுப்பே தடுமாறினா..."

"வகுப்பே மக்குன்னு அர்த்தம்" என்று வெட்டினார்.

அவள் சாக்பீஸை எடுத்து நீட்டினாள். "அரையையும் மூணுல ஒண்ணையும் எப்படிக் கூட்டுறதுன்னு நடத்திக் காட்டுறீங்களா சார்? எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு நினைச்சுக்குங்க."

"நினைக்கறதென்ன" என்று சிரித்துக்கொண்டே எழுந்தார். முதுகை அவளுக்குக் காட்டி, பலகையோடு பேசிப் பேசி விடையைப் போட்டார். "புரிஞ்சுதா? புரிஞ்சுது" என்று தானே கேட்டுத் தானே சொல்லிக்கொண்டார்.

"புரியல சார். கீழ ஆறு எப்படி வந்துச்சு?"

"அது அப்படித்தான் வரும்."

"ஏன் சார்?"

"வரும்னா வரும். இதுகூட ஏறலன்னா மண்டையில களிமண்தான் இருக்கணும்."

"வகுப்புலயும் இப்படித்தான் நடத்துவீங்களா?"

"எல்லா வருஷமும் இதேதான். ஒரு எழுத்து மாறாது." நெஞ்சு நிமிர்ந்தது.

ஆசிரியை ஒரு வெள்ளைத் தாளை நீளவாக்கில் இரண்டாகவும் குறுக்கே மூன்றாகவும் மடித்தாள். பிறகு விரித்து அவர் முன்னால் பொறுமையாக வைத்தாள். "இதுல எத்தனை கட்டம் இருக்குன்னு எண்ணிப் பாருங்க சார்."

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்த மடிப்பு வேலையெல்லாம் பால்வாடியில் வைத்துக்கொள்ள வேண்டியது. பிரின்ஸிபாலிடம் முதல் வேலையாக இந்த அறைக்குப் பூட்டுப் போடச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

"இதை எதுக்கு என்கிட்ட நீட்டுற? வரப்போற மக்குக்கு வை" என்று தாளைத் தள்ளினார். "ஆமா, அது எங்க? பாதி பீரியட் போயிடுச்சு. நேரத்துக்கு வந்து சேரத் துப்பில்ல, இதுக்குத் தனிப் பாடம் வேற."

அவள் தாளை எடுத்து மறுபடியும் அவர் முன்னாலேயே வைத்தாள்.

"மணி அடிக்கறதுக்கு முன்னாடியே வந்துட்டீங்களே சார்."