இருபத்தைந்து மணி நேரத் தண்ணீர்

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?"

வண்டியை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக தெருக்களுக்குத் தண்ணீர் திறந்துவிட்டு நேரத்தைப் பதிவேட்டில் எழுதும் வால்வுக்காரரைப் பிடித்துக்கொண்டாள், குடிநீர் வாரியத்தின் புள்ளியியல் அதிகாரி.

"இருபத்துநாலு, மேடம்."

"அப்புறம் ஏழாவது தெருவுல தினமும் இருபத்தஞ்சு மணி நேரம் தண்ணி வந்ததா எப்படி எழுதினீங்க? அதுவும் ஒரு வாரமா!"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நகரத்தில் நானூறு தெருக்கள். எந்தத் தெருவில் தண்ணீரை எவ்வளவு நம்பலாம் என்று கணிக்கும் புள்ளியியல் மாதிரியை எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்தவள் அவள். மதிப்பெண் குறைந்த தெருக்களுக்குப் புதுக் குழாய். நாளைக்கு அறிக்கை போயாக வேண்டும். இந்த ஆள் எழுதிய கூத்தால் கணினி ஏழாவது தெருவில் சிவப்பு காட்டிவிட்டு நகரவே மாட்டேன் என்கிறது.

"எழுத மறந்தாக்கூட மன்னிச்சிடலாம். பொய் எழுதலாமா? போன வாரத்துக்கு முன்னாடி வரைக்கும் என் கணக்குல நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு வாங்கின தெருங்க இது!"

"தொண்ணூத்தெட்டா?" தெருக்குழாயடியில் காலி வாளியோடு நின்ற பெண் வெடித்தாள். "அப்போ புதுக் குழாய் எங்களுக்குக் கிடையாதா? எந்தப் புண்ணியவான் போட்டான் அந்த மார்க்கை? முதல்ல இதைத் திறந்து பாரும்மா!"

திறந்தாள். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது.

"வாரத்துல ரெண்டே நாள்தான் மேடம் தண்ணி. அன்னிக்கு மட்டும் குறையில்லாம வரும்," என்றார் வால்வுக்காரர். "மீதி அஞ்சு நாளும் பூஜ்யம்னுதான் எழுதினேன். மூணு வருஷமா உள்ளதை உள்ளபடி எழுதினேன். ஈ, காக்காகூட எட்டிப் பார்க்கல. சரி, யாரும் நம்பவே முடியாத பொய்யா ஒண்ணு எழுதிப் பார்ப்போம்னு போன வாரம் எழுதினேன். நீங்களே ஓடி வந்துட்டீங்க."

"என்னய்யா கதை விடறீங்க? என் கணக்குல இந்தத் தெருவுக்கு ஒரு பூஜ்யம்கூட..."



அந்தக் கணக்கின் முதல் வரியில் அவளே எழுதி வைத்திருந்த விதி நினைவுக்கு வந்தது.

'பூஜ்யம் என்று இருந்தால், வால்வுக்காரர் எழுத மறந்திருக்கிறார். அந்த நாளை நீக்கிவிடு.'