பிரம்பு நாற்காலி

சிங்காரவேலுவின் மறதி நோய்க்கு லூயி பாடி டிமென்ஷியா என்று டாக்டர் பெயர் சொன்னார். இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள், மறுத்துப் பேச வேண்டாம், மாத்திரையில் கொஞ்சம் குறையும் என்றார்.

சிங்காரவேலுவின் கண்ணுக்குத் தெரிந்தது ஒரே ஒருவர்தான். மதியம் வந்து ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். ஒரு வார்த்தை பேசமாட்டார்.

"நீ உள்ள போனா, போற வழியவே பாத்துக்கிட்டிருக்காரு வேதா," என்றார் மனைவியிடம்.

வேதவல்லிக்கு முதலில் உடம்பு கூசியது. பிறகு மதியமானால் நைட்டியை மாற்றிச் சேலை கட்டிக்கொள்ளத் தொடங்கினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் போகிற வழியை யாரும் பார்த்ததில்லை.

மாத்திரை வேலை செய்தது.

"இன்னைக்கும் அவரு வரலீங்களா?" என்று ஒரு மதியம் அவளே கேட்டாள்.

"எவரு?"

சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, காலியாகக் கிடந்த அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். சிங்காரவேலு அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தார். அப்படி அவர் பார்த்து அவளுக்கு ஞாபகமே இல்லை. பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"வேதா, யாரோ ஒரு அம்மா வந்திருக்காங்க. துணைக்கு ஆள் இல்லாம வந்திருக்காங்க, பாவம். காபி கொண்டா."

அவள் எழுந்து உள்ளே போனாள். பாலை அடுப்பில் வைத்தாள்.

"சர்க்கரை போடலாமான்னு அவங்களக் கேளுங்க," என்று அங்கிருந்தே சொல்லிவிட்டு, டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பதிலுக்காக நின்றாள்.