செடிக்குச் சொன்ன பதில்

மிக்ஸியை நான் பழுது பார்த்ததில் அது உயிரை விட்டது. அன்றிலிருந்து என் மனைவி தனபாக்கியம் என்னோடு பேசுவதில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் பால்கனியில் இருக்கும் கறிவேப்பிலைச் செடியிடம்தான் சொல்வாள். அந்தச் செடி அளவுக்கு எங்கள் குடும்ப விஷயம் தெரிந்த ஜீவன் இந்த உலகத்திலேயே கிடையாது.

நேற்று சாயங்காலம் எதிர் ஜவுளிக்கடைப் பலகையில் இருக்கும் நியான் விளக்கு ரோஜா எரியவில்லை. அது சிவக்கிற நேரத்தில்தான் தனபாக்கியம் காபியோடு வெளியே வந்து நிற்பாள்.

“ஏன் எரியலையாம்?” என்று செடியைக் கேட்டாள்.

நானும் செடிக்கே பதில் சொன்னேன். “குழாய்க்குள்ள இருக்கிற நியான், பரம சோம்பேறி வாயு. நிறமும் கிடையாது, யாரோடயும் ஒட்டவும் ஒட்டாது. கரண்ட் பாய்ஞ்சு ஒரு இடி இடிச்சாத்தான் அதுக்குள்ள எலக்ட்ரான் துள்ளி எழும்பும். திரும்ப வந்து இடத்துல உட்காரும்போது சிவப்பா வெளிச்சம் விடும். இன்னைக்கு இடிக்க ஆளில்லை.”

“வீட்டுலயும் ஒண்ணு அப்படித்தான் கிடக்கு” என்று செடியிடம் சொல்லிவிட்டு, போகிற போக்கில் முழங்கையால் என் விலாவில் ஓர் இடி வைத்தாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், என் வெளிச்சத்தில் தெருவே சிவந்துவிட்டது. பஸ் நின்றது. பொழுது விடிந்துவிட்டதென்று காக்கைகள் கரைந்தன. கீழேயிருந்து வாட்ச்மேன், “சார், உங்க பால்கனியில என்ன எரியுது?” என்று கத்தினார்.

தனபாக்கியம் செடியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“அப்படியே நில்லுங்க” என்றாள். “கொடியில துணி எடுக்கணும்.”