ஒரு சாண் தள்ளி

ஊரப்பாக்கம் கல்குவாரியில் சவுரிமுத்து சுட்ட மூன்று குண்டுகளும் குறியாக வைத்த பானைக்கு ஒரு சாண் வலப்பக்கமாகவே போயின.

குறி சரியில்லை என்று பட்டாளத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவன் அவன். இன்று சாயங்காலம் தாம்பரத்தில் பஞ்சாயத்துத் தேர்தல் கூட்டம். மேடையேறப்போகும் வேட்பாளர் வேதாசலத்தின் நெஞ்சும் இப்படித் தப்பிவிட்டால், அப்புறம் அவன் தலைநிமிர முடியாது.

காலையில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுப் போன முனிரத்தினம் தெளிவாகத்தான் சொல்லியிருந்தான்.

"நெஞ்சைப் பாத்து ஒரே குண்டு. அட்ச்சிட்டு ஓடிக்கினே இரு, மச்சான். துப்பாக்கிய நோண்டாதே. பெரியவர் உனக்கு மில்லுல வேல போட்டுத் தர்றேன்னு சொல்லிக்கீறாரு."

பெரியவர் யார் என்று சவுரிமுத்து கேட்கவில்லை. எதிர்த்து நிற்கும் தனசிங்கைத் தவிர வேறு யாருக்கு இவ்வளவு அக்கறை இருக்கப்போகிறது?

துப்பாக்கியை மணல் மூட்டைமேல் அசையாமல் வைத்தான். அதன் தொலைநோக்கி வழியே பார்த்தபடி, கண்ணை மட்டும் இப்படியும் அப்படியும் நகர்த்தினான். உள்ளே தெரிந்த சிலுவைக்கோடு பானையை விட்டு நழுவி நழுவி ஓடியது.

கோளாறு புரிந்துவிட்டது. துப்பாக்கியின் பின்கட்டை வளைந்திருந்ததால் கண் தொலைநோக்கியின் நடுவில் விழாமல் ஓரமாகவே விழுந்தது. கன்னம் பதியும் இடத்தில் பழைய லுங்கித் துணியைச் சுற்றினான். கறுப்புக் காகிதத்தில் பட்டாணி அளவு துளை போட்டு, கண்ணாடியின் நடுவில் ஒட்டினான். இனி கண் நகர இடமில்லை.

நாலாவது குண்டில் பானை சிதறியது. சவுரிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆக, குற்றம் தன் கண்ணில் இல்லை!

சாயங்காலம் மேடைக்கு எதிரே, பூட்டிக்கிடந்த கட்டடத்தின் மாடியில் படுத்துக்கொண்டான். ஒலிபெருக்கி முழங்கியது.

"வாக்காளப் பெருமக்களே! என் உயிருக்கு ஆபத்து என்கிறார்கள். சுடட்டுமே! இதோ, நெஞ்சைக் காட்டுகிறேன்!"

வேதாசலம் துண்டை விலக்கினார். சவுரிமுத்து சுட்டான். வாக்காளப் பெருமக்கள் நாலா பக்கமும் ஓடினார்கள். வேதாசலம் மட்டும் எழுந்திருக்கவில்லை.

பின் சந்தில் முனிரத்தினம் சைக்கிளோடு காத்திருந்தான். சவுரிமுத்து மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"நடு நெஞ்சுடா மச்சான்! துப்பாக்கி ஒரு சாண் தள்ளிப் போச்சு, நானே சரிபண்ணிட்டேன்!"

முனிரத்தினம் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"அடப்பாவி! குண்டு தப்பி அனுதாப ஓட்டு விழட்டும்னு, தள்ளிப் போற துப்பாக்கியா பாத்து எடுத்துக் குடுத்ததே வேதாசலம் அண்ணன்தான்டா!"