ஹாஜியின் வலது கை

"இன்னும் பலமா அடிங்க டாக்டர்! உயிரா போயிடும்?"

ஷவ்கத் போட்ட கத்தலில், வெளியே காத்திருந்த நோயாளிகள் இரண்டு பேர் பேசாமல் வீட்டுக்கே போய்விடலாமா என்று யோசித்தார்கள். உள்ளே கட்டிலில் கிடந்த ஹாஜி மித்வல்லி "யா ரப்!" என்று அலறினார்.

அடி என்றால் வேறொன்றுமில்லை. பக்கவாதம் வந்ததில் ஹாஜியின் வலது கை முஷ்டியாக இறுகிப்போயிருந்தது. முன்கையில் ஜெல் தடவி, துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை வைத்து அழுத்தினால், டக் டக் டக்கென்று அதிர்வலை உள்ளே போய்த் தசையைத் தளர்த்தும். அலெக்சாந்திரியாவில் இந்த வைத்தியத்துக்குக் கைராசிக்காரர் என்று பேர் வாங்கியவர் இளம் டாக்டர் ஹாத்திம்.

"கரண்ட்டைக் கூட்டுங்க டாக்டர். குவைத்துல எல்லாம் ஒரே ஷாக்குதான், ஆள் எழுந்து ஓடிடுவான்."

"இது கரண்ட் இல்ல சார். வெறும் அலை."

"என்ன எழவோ, அதைக் கூட்டுங்க!"

வருங்கால மாமனார் மேல் இத்தனை பாசமா என்று நர்ஸுகள் உருகினார்கள். பாசத்துக்கு என்ன குறைச்சல்? வியாழக்கிழமை நிக்காஹ், மறுநாளே அவன் குவைத் வேலைக்குத் திரும்பும் விமானம்.

நிக்காஹ் எழுதும் மஃதூன் முன்னால் பெண்ணின் தகப்பனும் மாப்பிள்ளையும் வலது கையோடு வலது கை கோக்க வேண்டும். மேலே வெள்ளைக் கைக்குட்டை போர்த்துவார்கள். தன் கையைத்தான் கொடுப்பேன் என்று ஹாஜி ஒற்றைக்காலில் நின்றார். பக்கவாதத்துக்குப் பிறகு அவரால் நிற்க முடிந்ததும் அந்த ஒரு காலில்தான்.

"உங்க தம்பி கை குடுக்கட்டுமே மாமா. அதுவும் செல்லும்னு மஃதூனே சொல்றாரு."

"ஏன், நான் செத்தா போயிட்டேன்? ஃபாத்திஹா ஓதி வாக்குக் குடுத்தவன் நான். கையும் என்னோடதாத்தான் இருக்கும்."

ஃபாத்திஹா ஓதிப் பேசி முடித்த சம்பந்தத்திலிருந்து பெண் வீட்டார் பின்வாங்கினால் தெருவே காறித் துப்பும். ஹாஜியோ டிராம் ஓட்டிய காலத்திலிருந்து சொன்ன சொல் தவறாதவர் என்று பேர் எடுத்த மனிதர்.

மூலையில் அவர் மகள் ராவ்யா உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

"நிக்காஹ் முடிஞ்சதும் ஸ்கூலுக்கு முழுக்குப் போட்டுடு. எங்கம்மாவுக்கு முட்டி வலி, கூடமாட ஆள் வேணும்" என்றான் ஷவ்கத். ஒரு பெண்ணின் மொத்த வாழ்க்கையையும் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டான். அவ்வளவு சிக்கனம்!

"முதல்ல அப்பா கை திறக்கட்டும்" என்றாள் ராவ்யா.

ஹாத்திம் ஹாஜியின் முஷ்டிக்குள் மெல்ல விரலை நுழைத்துப் பார்த்தார். மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும் கையில் நகம் குத்திப் புண்ணாகியிருக்கும், வியர்வை நாற்றம் குடலைப் பிடுங்கும். இவர் உள்ளங்கையோ பச்சைக் குழந்தையினுடையது மாதிரி இருந்தது.

"பொண்ணு நல்லா பாத்துக்கறாங்க" என்றார் டாக்டர். ராவ்யா தலையைக் குனிந்துகொண்டாள்.

வியாழக்கிழமையும் வந்தது. மஃதூனுக்குச் சொல்லியாயிற்று, ஷர்பத் கரைத்தாயிற்று. கை மட்டும் திறந்தபாடில்லை.

காலையில் கடைசி முறையாகக் கருவியை வைத்தார் ஹாத்திம். பொறுமை போய், ஷவ்கத் தானே ஹாஜியின் விரல்களைப் பிடித்து நெம்பினான். ஹாஜி போட்ட சத்தம் கடற்கரை வரை கேட்டிருக்கும்.

"திறக்க மாட்டேங்குதே மகனே! அடுத்த லீவுக்கு வாயேன். அதுக்குள்ள சரியாயிடும், இன்ஷா அல்லாஹ்."

"அடுத்த லீவா? ஒரு முஷ்டிக்காக என் லீவு மொத்தமும் நாசமாப் போச்சு! எனக்குப் பொண்ணு குடுக்க ஊர்ல ஆளா இல்ல? அவங்களுக்கெல்லாம் கை ஒழுங்காத்தான் இருக்கு!" என்று குதித்தான் ஷவ்கத். கதவை உதைத்துத் திறந்து, வெளியே இருந்த கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான். "எல்லாரும் கேட்டுக்கங்க! இந்தச் சம்பந்தம் வேணாம்னு நானே சொல்றேன்!"

ஹாஜிக்கென்று வாங்கி வந்த மாம்பழப் பையையும் மறக்காமல் தூக்கிக்கொண்டு போனான். பாசக்காரன் அல்லவா!

ஹாஜியின் கண்ணில் நீர் வழிந்தது. "பாவம், கை இப்படிப் பழி வாங்கிடுச்சே" என்று நர்ஸுகள் மூக்கைச் சிந்தியபடி வெளியேறினார்கள். ராவ்யா கதவைச் சாத்தித் தாழிட்டுவிட்டு வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றாள்.

ஹாஜி எழுந்து உட்கார்ந்தார். வலது கையின் ஐந்து விரல்களையும் அழகாக விரித்து, டாக்டர் ஹாத்திமின் முன்னால் நீட்டினார்.

"ம், இப்ப குடு கையை, மாப்ளே!"